அந்தத் துண்டு வரட்டும்

என் வீட்டுக்காரர் கறுப்பு நிறத்தில் கார் வாங்கினார். ராமநாதபுரத்தில் உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், வருஷத்தில் பாதி நாள் புழுதி. இதற்கு நடுவில் கறுப்புக் கார் வாங்குகிறவருக்கு ஒன்று விவரம் பத்தாது, இல்லையென்றால் பிடிவாதம் அதிகம். இவருக்கு இரண்டாவது. கார்க் கம்பெனிக்காரர்கூட, வெள்ளை எடுத்துக்கொள்ளுங்கள் சார், கடற்கரைப் பக்கம் கறுப்பு தாங்காது என்று சொல்லிப் பார்த்தார். இவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக ஒரு விதி கைவசம் வைத்திருப்பார். கறுப்பு வெயிலை இழுக்கும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர், கறுப்புதான் கம்பீரம் என்று ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

கார் வாங்கியதற்கு ஊரறியச் சொன்ன காரணம் என் அய்யா. திருவாடானைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் வயலும் வரப்புமாக இருந்த மனுஷன். நான் ஒரே பிள்ளை. ஆத்தா செத்த வருஷத்திலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. ராமேஸ்வரத்துக்குப் போய் அமாவாசையன்று கடலில் முழுகி, ஆத்தாவுக்குத் திதி கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்பார். ஆனால் முழங்கால் இரண்டும் போய்விட்டது. அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிற பஸ்ஸில் இளவட்டங்களே தொங்கிக்கொண்டுதான் போகும். ரயிலில் போகலாம் என்றால் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்போதுதான் இவர் எங்கள் சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு கல்யாண வீட்டில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கார் வரட்டும் மாமா, முதல் சவாரி உங்களுக்குத்தான் என்று சொன்னார். பாயசம் இனித்ததோ என்னவோ, சொல்லிவிட்டார். அய்யா அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டார்.

கார் வந்தது. முதல் சவாரி இவருடைய பள்ளிக்கூடத்துக்கு. இரண்டாவதும் அங்கேதான். வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வேப்ப மரத்தடியில் நிறுத்தினாராம். மரத்தில் காக்கா உண்டு என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்ததாம்.

காக்காயால் வந்ததுதான் எல்லாம். அன்றைக்குச் சாயங்காலம் காரைக் கழுவினார். எங்கள் தெருவில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிப்பதற்கு லாரித் தண்ணீர்தான். காரைக் கழுவ அந்த லாரித் தண்ணீரில் கை வைத்தவரை நான் ஒரு பார்வை பார்த்தேன். தெருவே குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது, நீங்கள் டயருக்கு அபிஷேகம் பண்ணுகிறீர்களா என்று கேட்டேன். ஆள் போர் தண்ணீருக்கே போய்விட்டார். கழுவும்போது கார் பளபளவென்று இருந்தது. காய்ந்ததும் உடம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கம்பீரத்துக்கு அம்மை போட்டுவிட்டது.

உப்பு காய்வதற்கு முன்னால் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதற்கு எதைக்கொண்டு துடைப்பது என்பதில் இவர் இறங்கினார் பாருங்கள், ராக்கெட் விடுகிறவர்கள்கூட அத்தனை யோசித்திருக்க மாட்டார்கள். முதலில் தன்னுடைய பழைய வேட்டி. அது தண்ணீரை இழுக்காமல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளியது. பிறகு நான் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற டர்க்கி டவல். அது பஞ்சு பஞ்சாகக் கொட்டியது. என் டவலும் போச்சு, காரும் நரைத்துப்போச்சு. யாரோ சொன்னார்கள் என்று ஆட்டுத்தோலில் செய்த மெல்லிய துணி ஒன்றை வாங்கி வந்தார். நன்றாகத்தான் துடைத்தது. ஆனால் அந்தச் சமயம் பார்த்து மலைக்குப் போக மாலை போட்டிருந்தார். தோலைத் தொடலாமா கூடாதா என்று நாலு பேரிடம் கேட்டார். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். மலைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அது விறைத்து அப்பளமாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் மைக்ரோஃபைபர். அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. ஒரு தலைமுடியை எத்தனையோ கூறு போட்டால் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு மெல்லிய இழையாம். இழைக்கு இழை இடுக்கு இருக்குமாம், அந்த இடுக்கெல்லாம் தண்ணீரைக் குடிக்குமாம். நான் மீன் உரசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று இதைச் சொல்லுவார். மதுரைக்குப் போய் மூன்று விதமான துண்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்று மொழுமொழுவென்று, ஒன்று முடி வைத்து, ஒன்று கட்டம் கட்டமாக நெய்தது. மொசைக் தரையில் தண்ணீரைக் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துப் பிழிந்து, கிளாசில் அளந்தார். ஓரத் தையல் நூல் கெட்டியாக இருந்தால் பெயிண்டில் கோடு விழும் என்று தையலை நகத்தால் தடவிப் பார்த்தார். துணி கீறுமா கீறாதா என்று தெரிந்துகொள்ள என் பாட்டு சி.டி.யின் முதுகில் தேய்த்துப் பார்த்தார். கீறியது. இப்போதும் அந்தச் சி.டி.யைப் போட்டால் பல்லவியிலேயே நின்றுகொண்டு திக்கும். நல்லவேளை, காரில் தேய்க்கவில்லை என்று சந்தோஷப்பட்டார் மனுஷன்.

மூன்றும் தேறவில்லை. கூட வேலை பார்க்கிற வாத்தியாருடைய தம்பி சிங்கப்பூரில் இருந்தார். அவரிடம் சொல்லியாகிவிட்டது, அங்கே கிடைப்பதுதான் அசல் என்றார். அதுவரைக்கும் கார் போர்வைக்குள் போய்விட்டது. ஆடி அமாவாசை வந்தது. அய்யாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால் கார் முழுக்க உப்பு இறங்கும், துடைப்பதற்கு முதலில் கையில் துண்டு வேண்டாமா, அந்தத் துண்டு வரட்டும் என்றார். புரட்டாசி அமாவாசை வந்தது. சிங்கப்பூர்த் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தத் துண்டு வரட்டும்.

இவருடைய அப்பாவும் போய்ச் சேர்ந்தவர்தான். அவருக்கு வருஷா வருஷம் வீட்டிலேயே இலையைப் போட்டுப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து முடித்துக்கொள்வார். காரின் மேல் இருந்துவிட்டுப் போன அதே காக்காயாகக்கூட இருக்கலாம். கடலில் முழுக வேண்டும் என்ற தவிப்பெல்லாம் இவருக்குப் புரியாது. அய்யாவுக்கோ இந்த ஆள் ஏன் துண்டுக்காகக் காத்திருக்கிறார் என்பது புரியாது. அவர் ஊரில் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என்னைக் கூப்பிடுவார். மழையைப் பற்றிக் கேட்பார், என் உடம்பைப் பற்றிக் கேட்பார். கடைசியில் குரலை இறக்கிக்கொண்டு, "ஏத்தா, மாப்ளைக்குத் துண்டு இன்னும் வரலையா?" என்பார். அங்கே கண்மாய்க் கரையில் துணி துவைக்கிற பொம்பளைகள் வரைக்கும் இந்தத் துண்டு விவகாரம் தெரிந்துபோயிற்று. எனக்கு மானம் போயிற்று.

கார்த்திகையில் அய்யா வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் அதற்கப்புறம் ஆள் ஒடுங்கிவிட்டார். போய்ப் பார்த்தபோது, முழுகாமலே போயிருவேன் போலருக்கு என்று மட்டும் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, காலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் இவரிடம் சொன்னேன்.

"தை அமாவாசைக்கு அய்யாவக் கூட்டிட்டுப் போறேன். கார் வந்தா கார்ல. வராட்டி இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு பஸ்ல போறேன். உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக யாராச்சும் பாத்துக் கேட்டா, வாத்தியார் வீட்ல காரு இருக்கு, துண்டுதான் இல்லைன்னு நானே சொல்லுறேன்."

இவருக்கு விதி எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. பொங்கலுக்கு லீவில் வந்த சிங்கப்பூர்த் தம்பி துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நீல நிறம், பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. இவர் அதை வெறும் தண்ணீரில் அலசி, வேறு துணி எதுவும் படாமல் தனியாக ஒரு கொடி கட்டி நிழலில் உலர்த்தினார். எனக்குப் பிரசவமான சமயத்தில் பிள்ளைத் துணியை இப்படி ஒரு நாள் உலர்த்தியிருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்.

தை அமாவாசைக்குப் புறப்பட்டோம். விடிவதற்கு முன்பே ஊருக்குப் போய் அய்யாவை ஏற்றிக்கொண்டோம். பின் சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பெட்ஷீட், அதன்மேல் அய்யா. டிக்கியில் நாலு கேன் நல்ல தண்ணீர், காருக்கு. பாம்பன் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரிந்தது. அய்யா கண்ணாடியை இறக்கச் சொன்னார். வேண்டாம் மாமா, உப்புக் காற்று உள்ளே வந்தால் கம்பியெல்லாம் துருப்பிடிக்கும் என்று இவர் முன்னாலிருந்து சொன்னார். அய்யா சரி என்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பார்த்தார். இவர் கடலைப் பார்க்கவில்லை. பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடி வழியாக, அந்தக் கை ரேகை ஜன்னல் கண்ணாடியில் பதிவதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்னி தீர்த்தத்தில் தலைக்கு மேல் தலை. காரை முடிந்த மட்டும் தள்ளி நிறுத்தினார். நான் காரைப் பார்த்துக்கொள்கிறேன், நீ கூட்டிப் போ என்றார். யாரோ அதைத் தூக்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடுகிற மாதிரி. நான் அய்யாவைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனேன். ஐயர் மந்திரம் சொன்னார். அய்யா ஆத்தா பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கி முழுகினார். எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷத்துச் சுமையும் இறங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. திதி கொடுத்து முழுகியவர்கள் உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருவார்கள். கட்டின துணியோடு பாவமும் போகும் என்று கணக்கு. கடலுக்கு வாய் இருந்தால் நம்மையெல்லாம் என்ன கேட்கும் என்று தெரியாது. அய்யாவும் வேட்டியை மாற்றிக்கொண்டு ஈர வேட்டியை விட்டார், இடுப்பில் கட்டியிருந்த துண்டையும் விட்டார். மாற்று வேட்டியை மறக்காமல் எடுத்துவந்த நான் மாற்றுத் துண்டை மறந்திருந்தேன். தை மாதத்துக் காற்று. மனுஷனுக்குப் பல் கிட்டித்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் இவர் வருகிறார். எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வந்தாராம். தோளில் அந்த நீலத் துண்டு. நான் ஒரே இழுப்பில் உருவினேன். "அது காருக்கு உள்ளது" என்றார். நான் அதற்குள் அய்யா தலையைத் துவட்ட ஆரம்பித்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு துண்டை நான் பார்த்ததில்லை. வைத்த இடத்தில் தண்ணீர் காணாமல் போனது. அய்யா அதை வாங்கி மார்பை, முதுகைத் துடைத்துக்கொண்டு விரித்துப் பார்த்தார்.

"துண்டு நல்லாத்தான் இருக்கு மாப்ளை. இதுக்காகத்தான் இத்தனை அமாவாசை காத்துக் கிடந்தமா?"

குத்திப் பேசுகிற வேலை எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான். அய்யாவுக்கு அது வராது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இவர் மண்ணைப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் துண்டு தப்பியிருக்கும். ஆனால் திதி கொடுத்த உடம்பைத் துடைத்த துணி வீட்டுக்குள் வரக்கூடாது என்று அய்யா அதையும் கடலில் விடத் திரும்பினார். இவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இயற்பியல் படித்தவர்தான். ஆனால் புதுக் காரின் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியவர், பானெட்டுக்குள் மிளகாய் கட்டியவர். செத்தவர் விஷயத்தில் இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. அய்யா குனிந்து துண்டைத் தண்ணீரில் விட்டார். அது போகவில்லை. மண்வெட்டி பிடித்து வெடித்த உள்ளங்கையில் அந்த மெல்லிய இழையெல்லாம் மாட்டிக்கொண்டு ஒட்டி நின்றது. உதறினார், இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு ஒட்டியது. கடைசியில் நான்தான் பிரித்து விட்டேன்.

திரும்பும்போது பாலத்தில் அய்யா பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கியது. முன்னாலிருந்து இவர்தான் பொத்தானை அமுக்கினார்.

அறுப்பு முடிந்த கையோடு அய்யா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மாப்பிள்ளைதான் கொள்ளி வைத்தார். அந்த ஆடி அமாவாசைக்கு நான் வாயே திறக்கவில்லை. கேட்டால் இவர் என்ன சொல்வாரோ, அதற்கு நான் என்ன சொல்வேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. விடியுமுன் போர்வையை உருவுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் டிக்கியில் தண்ணீர்க் கேன் எதுவும் இல்லை. முன் சீட்டில் பிரிக்காத பாக்கெட்டில் ஒரு நீலத் துண்டு இருந்தது. காருக்கா என்று கேட்டேன். "மாமாவுக்கு" என்றார்.

காரைக் கடலுக்கு அருகிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். அய்யா பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டு, முழுகி எழுந்து, அந்தத் துண்டால் தலையைத் துவட்டினார். பிறகு குனிந்து அதைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார். சாக்பீஸ் பிடித்த கை, வெடிப்பு கிடையாது, துணி ஒட்ட அதில் ஒன்றுமே இல்லை. அப்படியும் அதை விடுவதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.