மாமனாருக்குப் போட்ட மருந்து

ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே உப்புத் தண்ணீர். அதில் லென்ஸ் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓரம் மட்டும் லேசாக மின்னும். எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பதியில் கண் வார்டு நர்ஸாக இருந்த எனக்கு அது புதுசு. மெட்ராஸிலிருந்து வரவழைக்க எங்கள் டாக்டர் ஒரு மாதம் அலைந்தார். என் மாமனாருக்காகத்தான் அலைந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

மாமனாருக்குச் சித்தூர் பக்கம் கரும்புத் தோட்டம். கரும்பின் காய்ந்த இலையான சோகையை உரிக்கும்போது அதன் விளிம்பு வலது கருவிழியைக் கீறிவிட்டது. புண் ஆறியதுபோல இருக்கும். காலையில் கண்ணைத் திறந்தால் இமை அந்த மெல்லிய தோலை மறுபடி உரித்துக்கொண்டு வரும். யாருக்கும் பயப்படாத மனிதர் தூங்குவதற்குப் பயந்தார். இந்த மெத்தென்ற லென்ஸைக் கட்டுப்போல விழிமேல் போட்டு வைத்தால் இமை உரசாது, அடியில் தோல் ஒட்டிக்கொள்ளும், மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். “அவருக்குப் புரியற மாதிரி நீங்களே சொல்லிடுங்க, சிஸ்டர்” என்று என்னிடம் விட்டார்.

நான் சொல்லவில்லை. கண்ணில் தூசி விழுந்தால் வேட்டி நுனியைத் திரித்துத் துழாவுகிறவர் அவர். உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது என்றால் ஊர் போய்ச் சேர்வதற்குள் எடுத்து எறிந்திருப்பார். அதனால், “புது மருந்து போட்டிருக்கு மாமா, கண்ணத் தொடாதீங்க” என்றதோடு நிறுத்திக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகவும் சொன்னேன்.

மறுநாளே வலி போய்விட்டது. “இன்னா மருந்தும்மா இது!” என்று வாய் ஓயாமல் சொன்னார். வலி போனால் மொட்டை போடுவதாக ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் சந்தனம் பூசிய மொட்டையும் கையில் லட்டுமாக வார்டு வாசலில் வந்து நின்றார்.

“நீ சொன்ன மாதிரி கண்ணத் தொடவே இல்லம்மா. கொளத்துல மூணு வாட்டி முங்கினேன். சாமி தண்ணி கண்ணுல படட்டும்னு நல்லாத் தெறந்துக்கினே முங்கினேன்.”

விளக்கடித்துப் பார்த்தேன். லென்ஸ் இல்லை; குளத்துத் தண்ணீரோடு போயிருந்தது. இன்னொன்று மெட்ராஸிலிருந்து வருவதற்குள் தோல் மறுபடி உரிந்தது. வெல்லம் காய்ச்சுகிற இடத்துத் தூசி பட்டுச் சீழ் பிடித்தது. கருவிழி முழுக்க வெள்ளை விழுந்து அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. “சொல்லியும் கேக்கலையே, பெரியவரே” என்று டாக்டர் அவரைத் திட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். டாக்டருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் லென்ஸைக் கையில் காட்டிவிட்டுத்தான் கண்ணில் வைக்கிறார்கள். எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். என் மாமனாருக்கு மட்டும் புரியாது என்று முடிவு கட்ட நான் யார்? அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வருகிறவர்களிடமெல்லாம், “எம் மருமக ஒரு மருந்து போட்டா பாரு, அதுக்கு ஈடே கெடையாது” என்று பெருமை பேசுவார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த மருந்து இப்போ வர்றதில்லியாம்மா?” என்பார்.

“வர்றதில்ல மாமா” என்பேன்.