நாடாளுமன்றத் தரையில் வாசிக்கப்பட்ட என் கடிதம்

இந்தச் சபையில் நான் சாட்சி சொல்வது இது இரண்டாவது தடவை. முதலாவது பொய். அதைக் கேட்டு நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அதனால் இன்றைக்கு நான் முடிக்கும்வரை யாரும் அல்லேலூயா சொல்லவேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் வசந்தி. ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. என் மகள் ஷரோனுக்கு அப்போது பதினொரு வயது. நகரின் கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். என் கணவரைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரை அடுக்கியவர், கிறிஸ்மஸுக்கு உங்கள் எல்லோருக்கும் புரியாணி சமைத்தவர். தங்கமான மனுசன் என்பீர்கள். வாசலுக்கு வெளியே தங்கம்தான்.

அவர் வேலை செய்த களஞ்சியத்தில் மான் வேட்டைக்குப் போகிற நண்பர்கள் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து இவரும் லைசென்ஸ் எடுத்து ஒரு நீளத் துப்பாக்கி வாங்கினார். ஒரு மானையும் சுட்டதில்லை. பின்னேரம் நாங்கள் சாப்பிட உட்காரும்போது அதை இரும்பு அலுமாரியிலிருந்து எடுத்து, மேசையில் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். குழலின் வாய் மகளின் பக்கம் இருக்கும். கறியில் உப்புக் கூடிய நாளில் என் பக்கம் திரும்பும். சாப்பாட்டு ஜெபம் சொல்வது ஷரோனின் பொறுப்பு. அவள் கண்ணை மூடித்தான் ஆகவேண்டும். மூடியதும் அவர் சிரிப்பார். "யேசு வந்தாலும் இந்த வீட்டில என்னைக் கேட்டுத்தான் இருக்கவேணும்" என்பார். நாங்கள் நடுங்கினால், "வெறும் துவக்கடி, உள்ளுக்க ஒண்டுமில்லை" என்பார்.

பாஸ்டர், நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் முகத்துக்கு நேரேதான் சொல்கிறேன். நான் முதலில் உங்களிடம்தான் வந்தேன். நீங்கள் வீட்டுக்கு வந்து அந்த அலுமாரியில் கைவைத்து ஜெபித்தீர்கள். அவர் முழங்காலில் விழுந்து கண்ணீரும் மூக்குமாக அழுது, அலுமாரிச் சாவியை உங்கள் கையில் தந்தார். நீங்களும் அழுதீர்கள்.

"தங்கச்சி, கர்த்தர் இந்த வீட்டைத் தொட்டிட்டார். விசுவாசத்தில முந்திச் சாட்சி சொல்லுங்கோ, நன்மை பின்னால வரும்" என்றீர்கள்.

அது நம் சபையின் வழக்கம். கேட்டது கிடைக்கமுன்னமே கிடைத்துவிட்டதாக எழுந்து நன்றி சொல்வது. அடுத்த ஞாயிறு நான் எழுந்து, என் வீட்டில் சமாதானம் வந்துவிட்டது என்றேன். கைதட்டினீர்கள். இரண்டு அக்காமார் கட்டிப்பிடித்து முத்தமும் தந்தார்கள். அன்று பின்னேரமே அவர் ஒளித்து வைத்திருந்த இரண்டாவது சாவியை எடுத்தார். துப்பாக்கி மேசைக்கு வந்தது.

"நல்லாச் சொன்னாய் சாட்சி. இனி ஆரிட்டப் போய் மாத்திச் சொல்லுவாய்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. நூறு பேருக்கு முன்னால் என் வாயை நானே கட்டிப்போட்டிருந்தேன். உங்களில் சிலரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "கல்லானாலும் கணவன், பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஜெபித்த ஜெபத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மரக்கறி வெட்டிக்கொண்டே, அவர் செத்துப் போகவேண்டும் என்று கேட்டேன். அவர் சாகவில்லை. நல்லாகச் சாப்பிட்டார்.

கார்டெரியில் என்னோடு வேலை செய்கிற ரோஸ்லின் என்ற ஹெயிட்டிக்காரி என் மணிக்கட்டிலிருந்த காயத்தைப் பார்த்துவிட்டாள். எங்கள் பகுதி எம்.பி. ஒரு வயதான பெண். வீட்டில் துப்பாக்கியால் மிரட்டப்படும் பெண்களிடம் கடிதம் சேர்க்கிறார் என்று ரோஸ்லின்தான் சொன்னாள். மனைவி முறைப்பாடு செய்தால் அன்றைக்கே வீட்டிலுள்ள துப்பாக்கியைப் பொலிஸ் எடுத்தே ஆகவேண்டும் என்கிற ஒரு சட்டத்துக்காகவாம். அதை வாக்கெடுப்புக்கு விடாமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். நான் பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெயர் போடவில்லை. பெயர் இல்லைதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். என்ன மொக்குத்தனம்! பெயரைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தது. சோற்றுச் சட்டி, குழலின் வாய், மகளின் ஜெபம், அவர் யேசுவைச் சொல்லிச் சிரிப்பது, எல்லாம்.

சில கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை பின்னேரம். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். துப்பாக்கி மேசையில். அவருடைய வேட்டை நண்பர்கள் போனில் ஏதோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதைப் பெரிய டிவியில் போட்டார். நாடாளுமன்றத்துக்குள் எம்.பி.மார் கம்பளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாக்கெடுப்பு நடத்தாமல் எழும்பமாட்டோம் என்கிறார்கள். சபாநாயகர் எழும்பிப் போய்விட்டார், கமெராக்களையும் நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தன் போனில் பிடித்து நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பார், கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நிலத்தில குந்தியிருக்குதுகள். என்ர துவக்கைப் பறிக்க உண்ணாவிரதம் இருக்குதுகள் விசருகள்" என்று சிரித்தார்.

அப்போது எங்கள் எம்.பி. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முதல் வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் கடிதம்.

என் கணவர் இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் பொஞ்சூர், மெர்சியைத் தாண்டிப் பிரெஞ்சு படிக்கவில்லை. வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்லவேண்டும். சொன்னால் "பிரெஞ்சு படிச்ச திமிர்" என்று அடியும் விழும். அன்றைக்கும் அதே உத்தரவுதான்.

"எடியே, இவள் என்ன சொல்லுறாள்? சொல்லு."

கர்த்தாவே, இவருடைய காதை அடையும், என் நாக்கைப் பிடித்துக்கொள்ளும் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"என் கணவர் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியை வைப்பார்" என்று அந்த அம்மா பிரெஞ்சில் வாசித்தார்.

"வயல் செய்யிற கமக்காரர் துவக்கு வச்சிருக்கிறது பிழையில்லையாம்" என்றேன்.

"என் மகள் கண்ணை மூடும்போது குழலின் வாய் அவள் பக்கம் இருக்கும்."

"காட்டில ஆரோ ஒரு பெட்டைக்குக் கைதவறிச் சூடு பட்டதாம்."

அடுத்த வரியில் ஒரு பெயர் வந்தது. என் ஆண்டவரின் பெயர். பிரெஞ்சிலும் அது கிட்டத்தட்ட அதே பெயர்தானே. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் பெயரைக் கேட்டு எனக்கு மூத்திரம் போகிற அளவுக்குப் பயம் வந்தது. என் கணவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யேசு எண்டவளெல்லோ? யேசுக்கும் இதுக்கும் என்ன?"

"அந்தத் தாய் தகப்பன் பிள்ளைக்காக யேசுவிட்ட மண்டாடினவையாம்."

ஆனால் அவர் நம்பவில்லை. ஷரோனின் பக்கம் திரும்பினார். அவளுக்குத் தமிழைவிடப் பிரெஞ்சுதான் தண்ணீர்பட்ட பாடு. ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருந்தது. அது யாருடைய கடிதம் என்பதும் விளங்கியிருந்தது.

"அம்மா சொல்லுறது உண்மையோ?"

"ஓம் அப்பா."

"அப்ப நீ சொல்லு. அந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது?"

பிள்ளை டிவியைப் பார்த்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள். பிறகு தகப்பனின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"செத்துப் போச்சுதாம். அதுக்கும் என்ர வயசாம்."

அவர் "எல்லாம் நாடகம்" என்று டிவியை நிறுத்திவிட்டு, "இன்னும் இறைச்சி போடு" என்றார். போட்டேன்.

அடுத்த நாள் காலை அவர் வேலைக்குப் போனதும் ஷரோன் தன் பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களைக் கட்டிலில் கொட்டிவிட்டு உடுப்பு அடுக்கினாள். நான் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"அம்மா, அழுறதைப் பேந்து செய்யுங்கோ. பொலிசுக்குப் போவம்" என்றாள்.

போனோம். பொலிஸ் எங்களோடு வீட்டுக்கு வந்தது. இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று மகள் காட்டினாள். அவருடைய வேதாகமத்தின் தோல் உறைக்குள் இருந்தது. ஒரு பெண் பொலிஸ் துப்பாக்கியை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே தோட்டா இருந்தது. வெறும் துவக்கு என்றாரே! எத்தனை பின்னேரம் என் பிள்ளை அதற்கு முன்னால் கண்ணை மூடினாள்! மேசையில் ஒரு கை தவறுதலாகப் பட்டிருந்தால்! நான் அடுப்படித் தரையில் விழுந்து ஊளையிட்டேன்.

சகோதரிகளே, கர்த்தர் ஒவ்வொரு பின்னேரமும் அந்த மேசையில் என் பிள்ளையைக் காத்திருக்கிறார். கேட்கத் தெரியாத காலத்திலும் காத்திருக்கிறார். அவருக்கு என் உயிர் உள்ளவரை ஸ்தோத்திரம். பொய்யைக் கொண்டு ஆண்டவர் உதவுவாரா என்று உங்களில் ஒரு ஐயா என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது ஐயா. அந்த நேரத்தில் எங்களிடம் இருந்தது பொய் மட்டும்தான், அதை வைத்து அவர் வேலை செய்தார்.

மற்றதையும் மறைக்கமாட்டேன். தரையில் இருந்தவர்கள் மூன்றாம் நாள் வாக்கெடுப்பை வாங்கினார்கள். சட்டம் தோற்றது. நாங்கள் தங்கியிருந்த பெண்கள் காப்பகத்தின் அடுப்படியில் ரேடியோவில் கேட்டேன். "இல்லை" என்று எழுந்து நின்றவர்களை மன்னிக்கப் பலம் தாரும் என்று ஜெபிக்கிறேன். இன்னும் வரவில்லை. என் கணவர் எங்களுக்குக் கிட்ட வரக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவருக்காகக் காசு சேர்த்து வக்கீல் பிடித்துக் கொடுத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். என்னை வழியில் கண்டால் மற்றப் பக்கம் போகிறவர்களும் இருக்கிறீர்கள். போங்கோ.

ஷரோன் இன்று வரவில்லை. சபைக்கு வரமாட்டாள். தான் சொன்ன பொய் பாவமா என்று ஒரு நாள் கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் அம்மா மேசையைக் கண்டால் எனக்குச் சாப்பிட்டது சத்தியா வெளியில வருது?" என்றாள். எங்கள் புது வீட்டுக்கு நான் மேசை வாங்கவில்லை. நிலத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். ஜெபத்தை நான் சொல்கிறேன். அவள் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது வீட்டில் பயத்தோடு இருக்கிற சகோதரிக்குச் சொல்கிறேன். நீ யார் என்று எனக்குத் தெரியாது, ஒருத்தியாவது இங்கே இருக்கிறாய் என்று தெரியும். அவர் ஜெபத்தைக் கேட்கிற தேவன், நம்பு. ஆனால் நம்பிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருக்காதே. கூட்டம் முடிந்ததும் நான் கீழே கார் நிற்குமிடத்தில் நிற்பேன். பின் சீற்றில் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. உடுப்பு வேண்டாம், பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வா. ஜெபத்தைக் காரில் போகும்போது பண்ணலாம்.