பொய் சொல்லாத மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரே ஒருவர்தான், பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்குத் தெரியவில்லை என்று பதில் சொன்னார். பிறகு அவரையே கல்யாணம் செய்துகொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தண்டராம்பட்டுப் பக்கம் நிலம். எங்களைப் படிக்க வைப்பதற்காக டவுனில் ஒரு ஓட்டு வீடு வாங்கிப் போட்டுவிட்டு, தினமும் காலை பஸ்ஸில் கழனிக்குப் போய்ச் சாயந்திரம் திரும்புவார். வந்தவர் தபால் ஆபீசில் கிளார்க். அண்ணனும் அண்ணியும் ஒரு பெரியப்பாவும் கூட வந்திருந்தார்கள். நான் காபி கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

பெரியப்பா கேட்டார்: "இன்னாப்பா, பொண்ணு புடிச்சிருக்கா? இப்பவே சொல்லிட்டா மேல பேசலாம்."

"தெரியலீங்க பெரியப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கப்படுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நெஜமாத்தான் சொல்றேன். அரை மணி நேரத்துல எப்படித் தெரியும்? அவங்களுக்கும் தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. நான் என்ன நினைத்தேன் என்று இன்று யோசித்துச் சொல்ல முடியாது. வாயிலிருந்து வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"எனக்கும் தெரியலப்பா."

அத்துடன் அந்தப் பெண் பார்க்கும் படலம் முடிந்தது. அவர்கள் போனதும் அப்பா என்னைத் திட்டவில்லை. "அவன் இன்னா லூசா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "உம் பொண்ண மட்டும் இன்னான்னு சொல்றது?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் நான் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் எதிரில் வந்து நின்றார். உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"நான் உங்கள அவமானப்படுத்திட்டேன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

"இல்லைங்க. நானும் அதையேதானே சொன்னேன்."

அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. நூலகர் எங்களை முறைத்துக்கொண்டே இருந்தார். அதையும் மீறி இரண்டு மூன்று சனிக்கிழமைகள் பேசினோம். பேசியது பெரும்பாலும் பிரெஞ்சுப் புத்தகங்களைப் பற்றி.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர்கள் ஊருக்குத் திரும்பும்போது படித்த புத்தகங்களை அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அவை பழைய பேப்பர் கடைக்கு வரும். அப்படி வந்த ஒரு மூட்டையை அவர் மொத்தமாக வாங்கியிருந்தார். முக்கால்வாசி பிரெஞ்சு நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள். ராஜாக்கள் காலத்து நாடகங்கள், போன நூற்றாண்டு நாவல்கள், யுத்தத்துக்குப் பிறகு எழுதப்பட்ட தத்துவக் கட்டுரைகள் எல்லாம் அதில் இருந்தன. அந்த மூட்டையில் ரஷ்யப் புத்தகங்கள் இருந்திருந்தால் அவர் வேறு மனிதராக ஆகியிருப்பாரோ என்னவோ.

"முந்நூறு வருஷமா அந்த நாட்டுக்காரங்க ஒரே கேள்விய சுத்திச் சுத்தி வர்றாங்க" என்றார். "நாம நெனைக்கிறது ஒண்ணு, வெளிய சொல்றது ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல நாம யாருங்க?"

பழைய நாடகங்களில் பக்திமான் வேஷம் போடுகிறவனும் ராஜாவுக்கு ஜால்ரா அடிக்கிறவனும் மாட்டிக்கொள்கிறார்கள். நாவல்களில், சின்ன ஊரில் இருந்துகொண்டு தன்னை வேறு யாரோவாகக் கற்பனை செய்துகொள்கிறவர்கள் சீரழிகிறார்கள். கடைசியாக வந்த தத்துவக்காரர்களோ, நம் தலையில் யாரும் எதையும் எழுதவில்லை, எனக்கு வேறு வழியில்லை என்று சொல்வதுதான் மனிதன் சொல்கிற பெரிய பொய் என்கிறார்கள். இதையெல்லாம் அவர் அன்று காலை பேப்பரில் வந்த செய்தி மாதிரி சொன்னார். தான் பொய் சொல்லாமல் வாழ்ந்து பார்க்கப் போவதாகவும் சொன்னார். எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

அவரையே கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். ஒரு நாள் காலையில் அப்பா கழனிக்குப் போகாமல் தபால் ஆபீசுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து அவரைக் கவனித்துவிட்டு வந்தார்.

"படிக்கத் தெரியாதவங்களுக்கெல்லாம் பொறுமையா அட்ரஸ் எழுதித் தர்றான். ஒருத்தர் மேலயும் எரிஞ்சு விழல. சரி, ஆகட்டும்."

கல்யாணத்துக்குப் பிறகு ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருந்தோம். பொய் சொல்லாதவரோடு குடும்பம் நடத்துவது ஆரம்பத்தில் சுலபமாகத்தான் இருந்தது. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால் ஜாஸ்தி என்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அது நன்றாக இருக்கிறது. என் தோழிகள் தங்கள் கணவர்கள் சொல்வதற்கெல்லாம் உள்ளர்த்தம் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலை இல்லை.

அப்பாவுக்குத்தான் அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாடு வாங்குவதானாலும், தம்பியை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்றாலும் அவரைக் கேட்பார். "மத்தவங்க நாம கேக்க ஆசைப்படறதைச் சொல்வாங்க. மாப்ள அப்படி இல்ல" என்பார்.

வெளியில் நிலைமை வேறு. ஆபீசில் ஒரு அதிகாரியின் பிரிவு உபசார விழாவில் பேசச் சொன்னார்கள். "சாரோட எனக்கு அதிகம் பழக்கமில்லை, அதனால பாராட்டிச் சொல்ல எதுவும் தெரியலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. அவருடைய அண்ணன் வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று அண்ணி ஒவ்வொரு அறையாகக் காட்டிவிட்டு, எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார். "ஹால் நல்லா இருக்கு அண்ணி. சமையல் ரூம்தான் இருட்டு. பகல்லயே லைட் போடணும்" என்றார். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் குடும்பம் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"சமையல் ரூம் இருட்டுன்னு அண்ணிக்குத் தெரியாதா? அங்கதான தெனமும் நிக்கப் போறாங்க? நீங்க சொன்னதால ஜன்னல் வந்துடப் போவுதா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"அவங்களுக்காகச் சொல்லல நீங்க. நான் பொய் பேசாதவன்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. அதுக்குத் தீனி போடறதுக்காகச் சொன்னீங்க."

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய மூட்டையிலிருந்து நான் எடுத்துப் படித்ததுதான். நல்ல காரியத்தைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் தற்பெருமை இருக்கும் என்று அந்த நாட்டின் பழைய எழுத்தாளர்கள் சிலர் விடாமல் எழுதியிருக்கிறார்கள். பஸ் வந்தது. ஏறும்போது, "இருக்கலாம்" என்றார். தனக்கு எதிரான உண்மையையும் அவர் தட்டிக்கழித்ததில்லை. அதனால்தான் அவரோடு சண்டை போட்டு ஜெயிப்பது கஷ்டம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு மாடியறைக்கு ஒரு பிரெஞ்சுப் பெண்மணி குடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். பாரிசில் ஏதோ ஒரு பாங்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வெயில் காலத்தில் எங்கள் வீட்டுக்கு மோர் குடிக்க வருவார். ஒரு நாள் என் கணவர் கையில், மூட்டையில் வந்த பழைய நாடகப் புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை கிழிந்துபோன புத்தகம். எல்லோர் முகத்துக்கு நேராகவும் உண்மையைச் சொல்லும் மனிதனைப் பற்றிய நாடகத்தை, எத்தனையாவது தடவையோ படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

நிதானமான ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான். சின்ன வயதில் அந்த நாடகத்தைப் பார்க்க அவருடைய அப்பா கூட்டிப்போவார். அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த மனிதன் வந்து நின்றாலே சிரிப்பு.

"யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள்? பொய் சொல்கிறவர்களைப் பார்த்தா?" என்று இவர் கேட்டார்.

"இல்லை, அவனைப் பார்த்துத்தான். எல்லோரும் தன்னைப் போலவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறானே, அதற்காக. வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லையே என்று தோன்றும்."

அவர் போன பிறகு இவர் வெகுநேரம் புத்தகத்தைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தார். "சிரிக்கறதுக்கா எழுதியிருக்கான்?" என்று என்னிடம் கேட்டார். வருஷக்கணக்காக அதைப் படித்தும் இவர் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். வேலூருக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் என்னையும் தம்பியையும் தனியாக அழைத்து, வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். வயிற்றுப் புண், மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடும் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னோம். அப்பா தலையாட்டிக்கொண்டார்.

எனக்கு ஒரே கவலை இவர்தான். "நீங்க கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் வராதீங்க" என்று கெஞ்சினேன். "வராம இருந்தா மாமா இன்னா நெனைப்பாரு?" என்றார். "கேட்டா சொல்லிடுவீங்களா?" என்றேன். "தெரியல" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவே ஆள் அனுப்பி அவரை வரச் சொன்னார். நான் அப்பா வீட்டுச் சமையலறையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"வாங்க மாப்ள. உக்காருங்க. இவங்கெல்லாம் புண்ணுன்னு சொல்றாங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்க. எனக்கு இன்னா வியாதி?"

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே போய்ப் பேச்சை மாற்றலாமா என்று நினைத்தேன்.

"புண்ணுதான் மாமா" என்று அதற்குள் அவர் குரல் கேட்டது. "ஆற நாளாகும். ஆறிடும்."

"சரி மாப்ள. உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு."

அவர் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

"மாப்ள எப்பவும் மூஞ்சியப் பாத்துப் பேசற ஆளு. நேத்து சுவத்துல மாட்டியிருக்கிற காலண்டரப் பாத்துப் பேசனாரு."

நான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"அழுவாத. எனக்குத் தெரிஞ்சிருச்சு, அவ்ளோதான். உங்கம்மாகிட்ட சொல்லாத, அவ தாங்கமாட்டா. அவருகிட்டயும் சொல்லாத. கஷ்டப்பட்டுச் சொல்லியிருக்காரு, பாவம்."

அதற்குப் பிறகு அப்பா மூன்று மாதம் இருந்தார். இவர் தினமும் ஆபீஸ் விட்டதும் அங்கே போவார். பேப்பர் படித்துக் காட்டுவார். பருவமழை, கழனியில் போட்ட மல்லாட்டையின் விலை, தம்பியின் பரீட்சை என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். வியாதியைப் பற்றி அப்பா மறுபடி கேட்கவே இல்லை. நிலத்தைத் தம்பி பெயருக்கு எழுதும் வேலையை மட்டும் அப்பாவே முன்னின்று முடித்தார். கடைசி வாரம்வரை அம்மாவுக்குத் தைரியம் சொன்னதும் அவர்தான்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, ஒரு சாயந்திரம் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் கேட்டார்.

"மாமா நான் சொன்னத நம்பினாரா?"

நம்பினார் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவும் அதைத்தான் விரும்பினார். ஆனால் கேட்டவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவரிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை. பெண் பார்த்த அன்றிலிருந்தே எங்களுக்குள் அப்படித்தான் இருந்தது.

"நம்பல" என்றேன். அப்பா சொன்னதை, காலண்டர் உட்பட, அப்படியே சொன்னேன்.

"அப்போ ஏன் மறுபடி கேக்கல?"

"உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தமில்லாமல் அழுதார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"சொல்லணும்னுதான் உள்ள போனேன். அவரு மூஞ்சியப் பாத்ததும் முடியல. வேற வழியில்லன்னு சொல்லமாட்டேன். வழி இருந்துச்சு. நான்தான் பொய்யத் தேர்ந்தெடுத்தேன். தப்பான்னு இன்னும் தெரியல."

"எனக்கும் தெரியலைங்க" என்றேன்.

பிறகும் அவர் அடியோடு மாறிவிடவில்லை. உப்பு ஜாஸ்தி என்றால் சொல்லத்தான் செய்தார். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் வந்தது. சில சமயம் பதிலே சொல்லமாட்டார். வயதாகிறது, பக்குவம் வந்துவிட்டது என்று அவருடைய அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். அந்த வீட்டோடு போக்குவரத்தும் திரும்ப ஆரம்பித்தது. பிரெஞ்சு அம்மாள் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பழைய நாடகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க?"

"இங்க உக்காரு. படிச்சுக் காட்டறேன்" என்றார். துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.