இடைவேளையில் மிதித்த புல்

என் வாயைத் தைத்துப் போட்டிருக்க வேண்டும். எட்டு வயதிலேயே அதைச் செய்யாமல் விட்டது எங்கள் வீட்டாரின் தவறு.

அப்பாவுக்குப் போலோ குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விடியுமுன் தாராவியிலிருந்து கிளம்பி லாயத்துக்குப் போவார். குளிப்பாட்டுவார், நடத்துவார், ஆட்ட நாளில் சேணம் கட்டி நிறுத்துவார். அந்த மழைக்காலத்தில் ஒரு குதிரை உதைத்து வலது கால் எலும்பு முறிந்துபோனது. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். கால் சரியானதும் வா என்று முதலாளி சொல்லியிருந்தார். அம்மா தோல் பைப் பட்டறைக்குப் போனாள். ஆறு மாதமாகியும் கால் சரியாகவில்லை. அப்பாவுக்குப் பொறுமைதான் தீர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியைப் பார்க்க ஆட்டத்துக்கே கிளம்பினார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் அவர் மனம் இளகும் என்பது அம்மாவின் யோசனை. எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டுவிட்டாள்.

அப்படி ஒரு புல்வெளியை நான் பார்த்ததே இல்லை. குதிரை மேல் உட்கார்ந்தபடி நீளக் கழியால் பந்தை அடிக்கிறார்கள். பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பாவின் கண் மட்டும் எதிரே பந்தலில் உட்கார்ந்திருந்த முதலாளி மேலேயே இருந்தது.

பாதி ஆட்டம் முடிந்ததும் மைக்கில் ஏதோ சொன்னார்கள். வேலியைத் திறந்துவிட, பட்டுச் சேலையும் கோட்டுமாக எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கினார்கள். குளம்பு பெயர்த்த புல்லை வேடிக்கை பார்க்க வந்தவர்களே மிதித்துச் சமன் செய்வது அங்கே வழக்கமாம். வீட்டில் விளக்குமாற்றைத் தொடாதவர்களாக இருப்பார்கள், இங்கே என்ன சிரிப்பு, என்ன உற்சாகம்!

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக முதலாளி இருந்த பக்கம் நடந்தார்.

"ஏட்டி, நல்லா மிதிக்கணும், என்ன? சாப் பாக்காரு."

மிதித்தார். வலது காலால், ஓங்கி ஓங்கி. ஒவ்வொரு மிதிக்கும் என் தோளில் அவர் பிடி இறுகியது. எனக்கோ கொண்டாட்டம். கூடவே குதித்தேன்.

முதலாளி பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, கால் தேறிவிட்டதா என்று இந்தியில் கேட்டார்.

"ஏக்தம் டீக் ஹை, சாப்" என்றார் அப்பா, முழுக்கச் சரியாகிவிட்டதாம். நெற்றியெல்லாம் வியர்வை. அப்படியானால் நாளைக்கே வா என்றார் முதலாளி.

அத்தோடு நின்றிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் என் வாயால் அப்பா கெட்டார். அப்பாவைவிட எனக்கு இந்தி நன்றாக வரும், அந்தப் பெருமை வேறு. அங்கிள், பப்பா காலுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது, டாக்டர் இன்னொரு ஆபரேஷன் பண்ணப் போகிறார், அப்படியும் எப்படி மிதிக்கிறார் பாருங்கள் என்று கடகடவென்று சொன்னேன்.

முதலாளி நல்ல மனிதர். அதனால்தான் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. இந்தக் காலோடு உன்னைக் குதிரைக்குப் பக்கத்தில் விட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம், வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன், நீ ஓய்வெடு என்றார். அப்பா இரண்டு கையையும் கூப்பி ஏதேதோ சொல்லிப் பார்த்தார். முதலாளி எனக்கு ஒரு ஜூஸ் வாங்கித் தரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாட்டில் காலியாகும்வரை அப்பா என் பக்கத்திலேயே நின்றார்.

வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தாள்.

"என்ன சொன்னாவ?"

"சாப் இன்னைக்கு வரலட்டி. பாக்க முடியல."

எனக்கு வந்ததே கோபம். "பொய்! பாத்தோம்லா! சாப் எனக்கு ஜூஸ்கூட வாங்கித் தந்தாவ!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா பொய் சொன்னதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்தான் வந்து, இனிமேல் பொய் சொல்லமாட்டேன் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். போனால் போகிறதென்று மன்னித்தேன்.