பத்தடிக்கு அப்பால் அப்பா

மாதா கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். சித்தப்பா இல்லை. முந்தின வருடம் சளியோடு கடலில் இறங்கிச் செவிப்பறை கிழிந்த நாளிலிருந்து அவருக்குக் கூட்டமும் பாட்டும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு காதில் எந்நேரமும் இரைச்சல் கேட்கிறது என்பார். கடலை விட்டுவிட்டு உப்பளத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மற்ற வீடுகளில் சளி என்றால் ஒரு கைக்குட்டையோடு முடிகிற விஷயம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அப்பா சங்கு குளிக்கிறவர், கடலில் மூழ்கித் தரையிலிருந்து சங்கு எடுக்கிறவர். ஆழத்துக்குப் போகப்போகத் தண்ணீர் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே ஊதினால் காது திறந்து வலி போகும். மூக்கு அடைத்திருந்தால் காது திறக்காது. திறக்காமல் இறங்கினால் சித்தப்பாவின் கதிதான். ஆகவே சீசன் நடக்கும் மாதங்களில் வீட்டில் யாருக்கு மூக்கு ஒழுகினாலும், ஒரு பையில் நாலு துணியைப் போட்டு அவர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். விருந்தாளி வந்தால்கூட அம்மா முதலில் அவர் மூக்கைத்தான் பார்ப்பாள். "வாங்க" என்பது அதற்கு அப்புறம்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. மாசிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையே தொண்டை கரகரத்தது. சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்பதால் நான் சொல்லவில்லை. இரண்டு நாள் தும்மலை அடக்கினேன். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன், மூக்கைக் கிள்ளினேன், முடியாதபோது கொல்லைப்பக்கம் ஓடினேன். அப்படி அடக்கியதெல்லாம் போய்விடவில்லை, எங்கோ உள்ளே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்து, மணி அடித்து ஓய்ந்து, கோயிலே முழங்காலில் மௌனமாக இருந்த அந்த நேரத்தில் அவை வரிசையாக வெளியே வந்தன. ஏழு தும்மல். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்துத் தனக்கு மறுபக்கத்தில் முழங்கால் போடவைத்தாள்.

சாயங்காலத்துக்குள் நான் புதுக்கோட்டையில் அத்தை வீட்டில் இருந்தேன். பெரிய புதுக்கோட்டை இல்லை, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற சின்ன ஊர்; பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். ஆனால் என் கணக்கில் அது நாடு கடத்தல். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அப்பாவின் மீசையில் நரை விழுந்த பிறகும் அவரை "ஏலே" என்றுதான் கூப்பிடுவாள். மாமா துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒரு சளி பிடித்த பையன் வந்து சேர்ந்ததில் இரண்டு பேருக்குமே உள்ளூரச் சந்தோஷம் என்று இப்போது தோன்றுகிறது. இருவரும் என்னைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அத்தை காலையில் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கருப்பட்டி கலந்து கொதிக்கவைத்துக் கொடுத்தாள். மத்தியானம் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாற்றில் தேன். விளக்கு வைத்த பிறகு மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு அந்தப் புகையை மூக்கருகே காட்டினாள். அரை நிமிடம் மூக்கு திறக்கும், பிறகு முன்னைவிடப் பலமாக மூடிக்கொள்ளும். மாமாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவருடைய வைத்தியம் ஒரு பச்சைக் குப்பித் தைலம். நெற்றியில், நெஞ்சில், முதுகில், கடைசியில் உள்ளங்காலில் தேய்த்துக் கால்களுக்கு அவருடைய சாக்ஸை மாட்டிவிடுவார்.

"இந்தக் குப்பி ஒண்ண வச்சுக்கிட்டு நான் நாக்பூர் வரைக்கும் போய்ட்டு வந்திருக்கேன், தெரியுமா?" என்றார்.

"லாரிக்கு ஊத்துனியளா, ஒங்களுக்குத் தேச்சியளா?" என்றாள் அத்தை.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டேன், ஒன்றைத் தவிர. நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீரைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்து, கம்பளிப் போர்வையை விரித்துக்கொண்டு அத்தை ஆவி பிடிக்கக் கூப்பிடுவாளே, அது. ஒரே ஒரு தடவை உள்ளே தலையை விட்டேன். கும்மிருட்டு. சூடு முகத்தில் அறைந்தது. மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். போர்வையை உதறிக்கொண்டு ஓடியவன் வாசல் வேப்பமரத்தைத் தாண்டித்தான் நின்றேன். அதற்குப் பிறகு அந்தச் சட்டி அடுப்பில் ஏறுவதைப் பார்த்ததும் நான் காணாமல் போய்விடுவேன்.

"இந்த அடைப்பு ஒடையாம ஒன்ன வீட்டுக்கு அனுப்ப மாட்டேம்லே. ஒங்கப்பன் காதுக்கு யாரு பதில் சொல்லுதது?" என்றாள் அத்தை.

நான் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு ஆவி பிடிக்க வேண்டும். ஆவி பிடித்தால் செத்துப்போவேன். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தைக் கழித்தேன். சனிக்கிழமை என் நெஞ்சில் கர் கர் என்று சத்தம் கேட்கவும் அத்தை பயந்துபோய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் குழாயை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் இல்லை, வெறும் சளிதான், வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள், ஆவி பிடித்தால் கொஞ்சம் சுகமாக இருக்கும் என்றார். கடைசி வார்த்தையைக் கேட்டதும் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, "நெஞ்சுல ஒண்ணும் இல்லியாம், பயப்படாதீங்க. ஆனா பிள்ள வாயாலதான் மூச்சு விடுதான்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்த கையோடு, ஒரு பையில் நண்டோடு அப்பா வந்து இறங்கினார்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. ஆனால் நான் படித்தவன். தும்மினால் கிருமி பறக்கும் என்று டீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார். எத்தனை அடி பறக்கும் என்று சொல்லவில்லை. ஆகவே நானே பத்தடி என்று வைத்துக்கொண்டேன். அப்பா வாசலுக்குள் நுழைவதற்குள் ஒரு குச்சியை எடுத்து முற்றத்து மண்ணில் குறுக்காக ஒரு கோடு கிழித்துவிட்டு, கோட்டிலிருந்து பத்தடி எண்ணிப் பின்னால் போய் நின்றேன்.

"என்னலே கோடு?" என்றார் அப்பா.

"கிருமி இதத் தாண்டாது. நீங்களும் தாண்டாதீங்க."

"கிருமிக்குக் கோடெல்லாம் தெரியுமோ?"

"டீச்சர் சொன்னாங்கப்பா."

எங்கள் குடும்பத்தில் புத்தகத்தை எடுத்துத் தானாக வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். டீச்சர் சொன்னார் என்று நான் சொல்லிவிட்டால் அது எங்கள் வீட்டில் சாமியார் பிரசங்கத்துக்கு அடுத்தபடி. அப்பா நண்டுப் பையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, இடுப்புச் சாரத்தை மடித்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கமே குத்தவைத்து உட்கார்ந்தார். அங்கிருந்தே சத்தமாகப் பேசினோம்.

"சாப்ட்டியால?"

"கஷாயம் மட்டுந்தான் குடுக்குறாங்க."

"பொய் சொல்லுதான்!" என்று அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "காலைலதான் நாலு தோச தின்னான்!"

அப்பா சிரித்தார். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை பேசுவதும் வாயைத் திறந்து காற்றை வாங்குவதுமாக நான் இருந்தேன். உதடு வெடித்திருந்தது. மற்றவர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருப்பது குளிக்கிறவர்களுக்குப் பழக்கம். படகில் பக்கத்தில் இருப்பவன் எப்படி மூச்சு விடுகிறான் என்பதை வைத்துத்தான் அவனை இறங்கச் சொல்வதும் வேண்டாம் என்பதும். அத்தை நொச்சிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் இன்னும் பத்தடி பின்னால் போனேன்.

அப்பா எழுந்தார். கோட்டைப் பார்த்தார். தாண்டினார்.

நான் ஓடினேன். வேப்பமரத்தைச் சுற்றி இரண்டு தடவை, மாமாவின் மோட்டார் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை. "கிட்ட வராதீங்கப்பா! காது போயிரும்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கடைசியில் ஒற்றைக் கையால் என்னைத் தூக்கிவிட்டார்.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் அத்தை. "தண்ணி தெளிஞ்சு கெடக்குன்னு நீதான சொன்ன? நாளைக்கு எறங்கண்டாமா? தொத்திக்கிடும்லே!"

"நீ போர்வயக் கொண்டா அக்கா."

சட்டியை என் கை படாத தூரத்துக்குத் தள்ளிவைத்து, எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்கள் இருவர் தலைக்கும் சேர்த்துப் போர்வையை மூடச் சொன்னார். அதே இருட்டு, அதே சூடு. ஆனால் இந்தத் தடவை உள்ளே ஒரு குரல் இருந்தது.

"தண்ணிக்குள்ளயும் இப்படித்தான் மக்கா இருக்கும். மொதல்ல நெஞ்ச அமுக்கும். பயந்து மேல வந்தா கையில ஒண்ணும் இருக்காது. மெல்ல இழு. மெல்ல விடு. நீ எண்ணு, பத்துக்கு ஒருக்கா நான் தெறக்கேன்."

பத்து எண்ணியதும் சொன்னபடியே ஓரத்தைத் தூக்கினார். ஒரு கை அகலத்துக்கு வெளிச்சமும் காற்றும் வந்தன. மறுபடி மூடினார். அடுத்த பத்தில் மணல் தெரியும் என்றார். அதற்கடுத்த பத்தில் மணலில் சங்கு ஊர்ந்து போன தடம் தெரியும், விரலால் கோடு போட்டதுபோல இருக்கும், அது எங்கே முடிகிறதோ அங்கே கையை விட வேண்டும். எனக்குச் சட்டி மறந்துபோயிற்று. அந்தத் தடத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். நாற்பதில் அது முடியவும், எங்கிருந்தோ கிளம்பி வந்த தும்மல் அப்பாவின் முகத்திலேயே வெடித்தது. ஒரு சாண் தூரம்கூட இல்லை.

இருட்டில் துண்டால் முகத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"ம். எண்ணு. நாப்பத்தொண்ணு" என்றார் அப்பா.

அறுபதிலோ எழுபதிலோ, வலது மூக்குக்குள் ஏதோ டப்பென்று விட்டது. காற்று உள்ளே போயிற்று. அதன் குளிர்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. முதலில் நொச்சி வாசம் வந்தது. பிறகு அப்பாவின் சட்டையிலிருந்து உப்பு வாசம். போர்வையை விலக்கினால், அடுப்படியிலிருந்து மிளகு தட்டிப்போட்ட நண்டு ரசம். ஒரு வாரமாக எனக்கு உலகத்தில் வாசனையே இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தன. இரண்டு தட்டுச் சோறு தின்றேன். மாமா தன் தைலம்தான் இப்போது வேலை செய்கிறது என்றார். அத்தை மறுத்துப் பேசவில்லை என்பதிலிருந்து அவளும் எவ்வளவு நிம்மதியாக இருந்தாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

"இனிமே என்ன, வீட்டுக்கு வா" என்று அப்பா அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஆவியில் கிருமி எல்லாம் செத்துவிட்டது என்பதை அப்பாவும் ஒத்துக்கொண்டார் என்று நான் பெருமைப்பட்டேன். அவர் மடியில் தலைவைத்து, வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டபடி ஊர் வரை தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா தும்மினார்.

புதன்கிழமை படகு அவர் இல்லாமல் போயிற்று. ஞாயிறு நீங்கலாக அப்படி ஆறு நாள். மூன்றாம் நாள் படகுக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "தண்ணி பளிங்கா கெடக்கு அண்ணாச்சி, ஒரு எறக்கம் எறங்கிப் பாருங்களேன்" என்றார். அன்றைக்கு வந்திருந்த சித்தப்பா, நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "எறங்க மாட்டாரு" என்று ஒரே பேச்சில் முடித்தார்.

"மாசி மாசத்துல எப்படி அண்ணாச்சி சளி புடிக்க விட்டிய?" என்றார் படகுக்காரர்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "பஸ் ஸ்டாண்டுல தாகமா இருந்துச்சு. ஐஸ் போட்டு ஒரு நன்னாரி சர்பத் குடிச்சிட்டேன்."

தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னார். எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். நானும் விடவில்லை. குளிர்ந்ததைக் குடித்தால் சளி பிடிக்கும் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவருக்குப் பாடம் எடுத்தேன். "சரி டீச்சர்" என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு ஆவி பிடிக்கும்போது நான்தான் எண்ணினேன், பத்துக்கு ஒருமுறை போர்வையைத் தூக்கினேன். பள்ளிக்கூடம் இருந்த நாட்களில் காலையில் அவர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார், அவர்தான் கூட்டிவந்தார். இந்தச் சளி இன்னும் கொஞ்சநாள் இருக்கட்டும் என்று ஒருநாள் இரவு ஜெபத்தில் வேண்டிக்கொண்டேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே பாய் விரித்தாள். அடுத்த புதன்கிழமை அப்பா கடலுக்குப் போய், இரண்டு காதும் நன்றாக இருக்கத் திரும்பிவந்தார்.

போன வருடம் வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியபோது, அப்பாவுக்கு என்ன வாங்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். வேட்டி, செருப்பு என்று சொல்லிக்கொண்டே போய், விளையாட்டாக, இல்லாவிட்டால் ஐஸ் போட்டு ஒரு நன்னாரி சர்பத் என்றேன். அம்மா சிரிக்கத் தொடங்கினாள். "ஒங்கப்பாவுக்கு நன்னாரி வாடையே ஆவாதுல. எந்தக் காலத்துல அவரு சர்பத் குடிச்சாரு? பிள்ளகிட்ட இருந்து தொத்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லிரப்புடாதுன்னு, அன்னைக்கு ஒன்னக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நொழஞ்சதும் என்கிட்டயே அததான் சொன்னாரு" என்றாள்.

அவர் குடிக்காத அந்தச் சர்பத்தின் விலையையும் அவளே சொன்னாள். அந்த ஆறு நாளும் இறங்கிய மற்றவர்களுக்குப் பங்காக வந்தது ஆளுக்கு நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.