சேஸிஸ் நம்பர் பார்க்க வந்தவர்

அவர் முதலில் கேட்டைத் தட்டவே இல்லை. எதிர் வீட்டுச் சுவர் நிழலில் மஞ்சள் பையோடு நின்று, எங்கள் காம்பவுண்டுக்குள் இருந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். கணவர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான். ஜன்னல் வழியாக இரண்டு மூன்று முறை எட்டிப் பார்த்தேன். ஆள் நகரவில்லை.

கடைசியில் நானே வெளியே போய், "யாரு வேணும்?" என்றேன்.

நாற்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே கைகூப்பினார்.

"ஏனுங்க அக்கா, இந்த ஜீப்பு எங்கீங்க வாங்குனீங்க?"

"ஆயக்குடில. ஏன் கேக்குறீங்க?"

"போன வாரம் ஒட்டன்சத்திரம் சந்தையில பாத்தனுங்க. நம்பரை வெச்சு விசாரிச்சுட்டே வந்தேன். நானு தொப்பம்பட்டிங்க." சற்று நிறுத்தி, பின்பக்கத் தகட்டில் இருந்த பற்றவைத்த ஒட்டைக் காட்டினார். "எங்கண்ணன் வண்டியிலயும் இதே எடத்துல ஒட்டு இருக்குமுங்க. புளியமரத்துல இடிச்சது. அண்ணன் வண்டியெடுத்துட்டுப் போனவரு திரும்பி வரலீங்க. வண்டியும் வரலீங்க. எட்டு வருசமாச்சு."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறது. அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சேஸிஸ் நம்பரை மட்டும் பாத்துட்டுப் போயிடறனுங்க" என்றார்.

"வீட்டுக்காரர் சாயங்காலம் வருவாரு. அப்ப வாங்க."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அந்த ஜீப்பை வாங்கியதே சாணார்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்காகத்தான். விடியற்காலையில் மல்லிகை மூட்டைகளைப் பூ மார்க்கெட்டில் இறக்கி, வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் கணவர் பள்ளிக்கூடம் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் மாதா கோயிலுக்குப் போனோம். பின் சீட்டுக்கு அடியில், இரும்புத் தரையில், செம்பழுப்பாக ஒரு கறை உண்டு. வாங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. துரு என்று விட்டுவிட்டோம். அந்தக் கறைக்கு மேலே துணி விரித்துத்தான் போன ஞாயிறு பிள்ளையைப் படுக்க வைத்திருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலில் ஒரு மணி கூட நகரவில்லை.

கணவர் வந்ததும் வாசலிலேயே வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"நம்மகிட்ட ஆர்.சி. புக்கு இருக்கு. அம்புட்டுதேன். எதுக்கு இப்பிடிப் பதறுற?" என்றார். சொன்னவருக்கே முகம் சரியாக இல்லை.

எதிர் நிழலில் உட்கார்ந்திருந்தவரை உள்ளே கூப்பிட்டார். டாஷ்போர்டில் ஆணி அறைந்திருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினார். தகட்டில் இருந்த எண்ணும் புக்கில் இருந்த எண்ணும் ஒன்றுதான். வந்தவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"தகடு கழட்டி மாட்டுறதுதானுங்க. சேஸிஸ்லயே அடிச்சிருப்பாங்க. அதைப் பாக்கோணும்."

"இன்ஜின் நம்பர் பாத்தா போதாதா?" என்றேன்.

"அதுல ஒண்ணுந் தெரியாது" என்றார் கணவர். "பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிட்டு டீசல் மாட்டுன வண்டி இது."

பானெட்டைத் திறந்தார்கள். இடது பக்கம், முன் சக்கரத்துக்கு மேலே ஓடும் சேஸிஸ் சட்டத்தில் பெயிண்ட் தடிப்பாக அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பச்சை போய்க் கறுப்பு வந்தது. கறுப்பும் போனதும் செம்மண் நிறம் வந்தது. அதற்கும் அடியில் இரும்பில் அடித்த எண்கள் தலைகாட்டின.

அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. அண்ணன் வண்டியின் எண்ணை ஸ்டேஷனில் எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருந்தது. "கடைசி மூணு எண்ணு மூணு, ஏழு, நாலுங்க" என்றார்.

முதலில் தெரிந்தது கடைசி எண். நாலு.

கணவர் இன்னும் கொஞ்சம் தேய்த்தார். ஏழு.

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போல. அது சிணுங்கத் தொடங்கியது. அடுத்த எண்ணின் வலப்பக்கம் மட்டும் தெரிந்தது. இரண்டு வளைவு. மூணேதான். வந்தவர் சட்டத்தின் மேல் கையை வைத்து, "அண்ணா" என்றார். எங்களிடம் சொல்லவில்லை.

கணவர் பிளேடை எடுத்து இடப்பக்கத்தையும் சுரண்டினார். அங்கேயும் வளைவு இருந்தது. எட்டு.

"எட்டுங்க. மூணு இல்ல, எட்டு" என்றார் கணவர்.

"மூணை எட்டாக்க எம்புட்டு நேரமாகுமுங்க?"

வந்தவர் அந்த எட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். முன்னால் இருக்க வேண்டிய எழுத்துகளோ, டீசல் இன்ஜினைத் தாங்க வைத்திருந்த பட்டைக்கு அடியில் மறைந்துபோயிருந்தன. அவர் எழுந்து வண்டியின் முன்பக்கம் போனார். மண்ணில் முழங்காலை ஊன்றி, ரேடியேட்டருக்குக் கீழே, இரண்டு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைக் கையை நீட்டித் தடவினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். மறுபடியும் தடவினார்.

"எங்கண்ணன் வண்டியில இங்க உருண்டைக் குழாய் இருக்குமுங்க. மண்ணுல சிக்கறப்பெல்லாம் அதுலதான் கயிறு கட்டி இழுப்போம். இது தகட்டை மடிச்சு வெச்ச மாதிரி தட்டையா இருக்குது." எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "இது இல்லீங்க அக்கா. இது வேற வண்டி."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முகத்தில் நிம்மதி எதுவும் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கி, அண்ணாந்து சொம்பு முழுவதையும் குடித்தார். போகும்போதுதான் கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சார், இந்த நம்பரு உங்க புக்குலயும் இல்லீங்களே. யாராச்சும் கேக்கறதுக்கு முந்தி நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க."

எங்கள் பயத்தில் அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. சட்டத்தில் அடித்திருந்த எண் ஒன்று, தகட்டில் இருந்த எண் இன்னொன்று. அவருடைய அண்ணன் வண்டி இல்லையென்றால் இது யாருடைய வண்டி?

கணவர் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தார். "பூசி விட்ருவோம். அந்தாளு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு."

"பூசாதீங்க" என்றேன். "பூசினாலும் எனக்குத் தெரியும்ல. நான் அதுல ஏற மாட்டேன். பிள்ளையையும் ஏத்த மாட்டேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். பிறகு சாவியை வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, "வண்டி இங்கயே நிக்கட்டும் சார். ஸ்டேஷன்ல இருந்து கூப்பிடுவாங்க" என்றார். ஒரு வாத்தியாரை ஸ்டேஷனில் இருந்து கூப்பிடுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், கணவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். ஸ்டேஷனுக்கு இரண்டு முறை போய் வந்தார். என்ன கேட்டார்கள் என்று முழுதாக என்னிடம் சொன்னதில்லை. வண்டியை எங்களுக்கு விற்ற ஆயக்குடிக்காரரையும் அழைத்து விசாரித்தார்கள். ராணுவம் கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலத்தில் எடுத்தவரிடம் இப்படியேதான் வாங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் பிரேக் இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். இன்ஜின் பட்டையைக் கழற்றி வைத்திருந்தார். எண்களுக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு கார் கம்பெனி செய்த வண்டி என்றார். சில போல்ட்டுகளின் தலையில் அந்தக் கம்பெனியின் முதலெழுத்து சின்னதாகப் பொறித்திருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். தட்டையான குறுக்குச் சட்டமும் அந்தக் கம்பெனியின் அடையாளம்தான். பித்தளைத் தகடு பிற்காலத்தில் இங்கேயே செய்த வேறொரு ஜீப்பினுடையது. ஏலத்தில் போன இரண்டு வண்டிகளைப் பிரித்து யாரோ ஒன்றாக்கியிருந்தார்கள்.

"ரெண்டு நம்பர் மேலயும் திருட்டுப் புகார் இல்ல. புக்குல மாத்திக் கொடுத்துடுறோம்" என்றார்.

கணவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

பின் சீட்டுக்கு அடியில் இருந்த கறையைப் பற்றி நான் இன்ஸ்பெக்டரிடம் கேட்கவில்லை. போரைப் பார்த்த வண்டி என்று தெரிந்தபிறகு கேட்கத் தைரியம் வரவில்லை. அது துருவாகவே இருக்கலாம். பிள்ளையை அதற்குப் பிறகு முன்சீட்டில் என் மடியில்தான் வைத்துக்கொண்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, பழைய வண்டிகளைச் சேர்க்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். மண்ணில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் படித்துவிட்டு, சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் வாசலுக்கே வரவில்லை.

தொப்பம்பட்டிக்காரர் எங்களை மறக்கவில்லை. அந்த வழியாக வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். தன் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தார். பஸ்ஸில் போயிருந்தோம். கூடத்துச் சுவரில் அவருடைய அப்பா, அம்மா, தாத்தா எல்லோருக்கும் மாலையும் பொட்டும் இருந்தன. ஓரத்தில் ஒரு படத்துக்கு மட்டும் எதுவும் இல்லை. மீசை அரும்பிய வயதில் எடுத்த படம், கொஞ்சம் சிரித்த முகம். நான் அதையே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"அம்மா இருந்தவரைக்கும் அண்ணனுக்கு மாலை போட உடலீங்க" என்றார். "இப்ப போடறதுக்கு எனக்குக் கை வரமாட்டேங்குதுங்க அக்கா."

அதற்குள் யாரோ பந்திக்குக் கூப்பிட்டார்கள்.