பட்டறைக்குள் ஒரு தபால் நிலையம்

எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாதவள் என்பதால் சின்ன வயதிலேயே அவளுக்கு நோண்டி என்று பெயர் விழுந்தது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வீட்டு அலாரம் கடிகாரத்தைப் பிரித்துத் திரும்ப மாட்டினாள். ஒரு திருகாணி மிச்சம். ஆனால் கடிகாரம் ஓடியது. “அப்ப அது தண்டத்துக்கு இருந்த திருகாணிதான்” என்று சாதித்தாள். வளர்ந்தபின் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தாள். அந்தக் கடை மூடப்பட்டதும் அண்ணனுடைய பல்செட்டுப் பட்டறைக்கு வந்து, ஆர்டர் எழுதும் மேசையில் உட்கார்ந்தாள்.

பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். பட்டறையில் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்வரிசை நிறுத்தி, பல்செட்டாக்கித் திருப்பிக் கொடுப்பார்கள். என்ன நிறம், என்றைக்கு வேண்டும் என்ற விவரமெல்லாம் தொலைபேசியில்தான் வரும். மெருகு மோட்டார் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. வெள்ளைப் பல் கேட்டவருக்கு மஞ்சள் பல் போன கதையும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கிளினிக் ஒன்றின் டாக்டரம்மா, தங்கள் வேலை முழுவதையும் இந்தப் பட்டறைக்கே தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: ஆர்டர் மெயிலில் வரும், பட்டறையின் சொந்தப் பெயரில் உள்ள முகவரியிலிருந்து அன்றைக்கே பதில் போக வேண்டும்.

“கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டா ஆளுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் வாங்குவாங்க. நானே சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேர் போட்டு ஒரு சர்வர் வைக்கிறேன்” என்றாள் நோண்டி.

“சும்மா கிடைக்கிற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் பல்லுக்காரன், பாப்பேன்” என்றார் அண்ணன். “ஒரு வாரம் பாரு. ஒரே ஒரு கடுதாசி தொலைஞ்சாலும் உன் பெட்டி பழைய இரும்புக்கடைக்கு. கிளினிக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

யாரோ ஒதுக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்டர் தூசி உள்ளே போகாமலிருக்க முகக்கவசத் துணியைக் காற்று போகும் துளையில் ஒட்டினாள். இலவச இயங்குதளம், அதன்மேல் மெயில் சர்வர், ஒவ்வொன்றாக ஏற்றினாள். சர்வர் என்பது நம் சொந்தத் தபால் நிலையம். மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் போடுகிற மெயில் மென்பொருள், அங்கே போய்க் கடிதம் பார்த்து வருகிற ஆள். மெழுகில் பல் நிறுத்தும் மெழுகுக்காரருக்கு அவள் இப்படித்தான் விளக்கினாள்.

“அப்ப நீதான் போஸ்ட்மாஸ்டரா தங்கச்சி?”

“போஸ்ட்மாஸ்டரும் நான்தான், ஸ்டாம்ப் குத்துறவளும் நான்தான்.”

முதல் கடிதத்தை அண்ணியின் கைப்பேசிக்கு அனுப்பினாள். இரண்டு பேரும் திரையில் கண் பதித்து நின்றார்கள். வரவில்லை. அண்ணி விரலால் தேடித் தேடி, “அடி, இங்க கிடக்கு! குப்பைப் பெட்டியில!” என்று கத்தினாள். முன்பின் தெரியாதவன் வாசலில் வந்து நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்? பட்டறையின் பெயரில் கடிதம் அனுப்ப இந்த எந்திரத்துக்கு அனுமதி உண்டு என்று ஊரறியப் பதிந்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் மாற்ற முடியாத முத்திரை விழ வேண்டும். படித்துப் படித்து இரண்டையும் செய்தாள். அடுத்த கடிதம் நேராக முன்வாசல் வழியாகப் போய் அண்ணியின் கையில் கிணுகிணுத்தது. அண்ணி மெருகுப் பொடி படிந்த கையோடு அவளைக் கட்டிப்பிடித்ததில் நோண்டியின் முதுகில் பத்து விரலும் பதிந்தன.

டாக்டரம்மாவுக்கு முகவரி போயிற்று. பாஸ்வேர்டை நோண்டி எல்லோருக்கும் உரக்கச் சொன்னாள். அண்ணன் மட்டும் காதில் விழாதவர் மாதிரி தாடை அச்சு ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் கடிதம் வந்தது. தினமும் பதில் போனது.

அண்ணன் கொடுத்த ஒரு வாரக் கெடுவின் கடைசி நாள். ஒரு நாள் விடுமுறை கழிந்து பட்டறை திறந்த காலை அது. தொலைபேசி அடித்தது. டாக்டரம்மா.

“நேத்து அனுப்பின அவசர ஆர்டருக்குப் பதிலே காணோமேம்மா? கிடைச்சுதா இல்லையா? மத்தியானத்துக்குள்ள சொல்லலைன்னா வேற இடம் பாத்துக்கறேன்.”

நோண்டி மெயில் பெட்டியைத் திறந்தாள். காலி. புதிய கடிதம் மட்டுமல்ல, அந்த வாரத்துப் பழைய கடிதங்களையும் காணோம். குப்பைப் பெட்டியிலும் தேடினாள். அங்கேயும் இல்லை.

அண்ணன் மெருகு மோட்டாரை நிறுத்தினார். திட்டுவதென்றால் அவருக்கு அமைதி வேண்டும். “சொன்னேனா இல்லையா? சோத்துப் பானையில வாய் வச்ச பூனை மாதிரி எல்லாத்தையும் முழுங்கிட்டு உக்காந்திருக்கு உன் பெட்டி! தூக்கு அதை!”

“கொஞ்சம் பொறு அண்ணா.” அவள் தனக்குத் தானே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினாள். வந்தது. தடித்த எழுத்தில் அழகாக நின்றது. மெழுகுக்காரர் எட்டிப் பார்த்து, “இந்தா இருக்கே” என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது கண்ணெதிரில் மறைந்தது.

“யாரோ எடுக்கறாங்க!” நோண்டி துள்ளி எழுந்தாள். பயம் போய் அவள் கண்ணில், அன்று கடிகாரத்தைப் பிரித்தபோது இருந்த அதே வெளிச்சம் வந்திருந்தது. “தொலையலை. யாரோ எடுத்துட்டுப் போறாங்க!” மறுபடி அனுப்பினாள். வந்தது. போனது.

மோட்டார் ஓடாத அந்த அமைதியில் அண்ணி மேலே கையைக் காட்டினாள். பட்டறைக்கு மேல்தான் வீடு. “என்னங்க, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் மணி அடிக்குது.”

அண்ணன் காது மடல் சிவந்தது. “எதுக்கு என்னைப் பாக்கறீங்க?”

நோண்டி இன்னொன்று அனுப்பினாள். சற்றுப் பொறுத்து மேலே மறுபடி ‘டிங்’.

“நேத்து லீவு நாள்… சும்மா இருந்தேன்” என்றார் அண்ணன். “நீ போட்டியே, அதே சாஃப்ட்வேரை நானும் போட்டேன். எனக்கு வராதா என்ன? டாக்டரம்மா கடுதாசி என்ன எழுதறாங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு.”

“எடுத்த கடிதத்தை சர்வர்ல விட்டு வைக்கவான்னு கேட்டிருக்குமே?”

“கேட்டுச்சு. வேணாம்னேன். நம்ம பட்டறையில என்ன பழக்கம்? வேலைத் தட்டுல சீட்டை எடுத்தா தட்டு காலியா இருக்கணும். எடுத்த சீட்டை அங்கயே விட்டா அதே பல்லை ரெண்டு பேரு செய்வான். நான் சரியாத்தான் செஞ்சேன்!”

மெழுகுக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. “பூனை யாருன்னு தெரிஞ்சு போச்சு முதலாளி” என்றார்.

நோண்டி படிகளில் பறந்தாள், பின்னாலேயே எல்லோரும். அவசர ஆர்டர் உட்பட அத்தனை கடிதமும் மேல்வீட்டுக் கம்ப்யூட்டரில் வரிசை கலையாமல் இருந்தன. அண்ணன் போட்ட கணக்கை நீக்கி, கடிதம் சர்வரிலேயே இருக்க எல்லோரும் பார்க்கும் விதத்தில் புதிதாக அமைத்தாள். பழையவற்றை ஒட்டுமொத்தமாகப் பிடித்துத் திரும்ப சர்வருக்குள் இழுத்து விட்டாள்.

“ஒண்ணொண்ணா இழு, கொட்டிடப் போகுது” என்றார் அண்ணன், அவள் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கீழே ஓடி வந்து பதில் தட்டினாள். கீழ்த்தாடை, கேட்ட நிறம், வெள்ளிக்கிழமை தயார். “வியாழக்கிழமைன்னு போடு” என்றார் அண்ணன். “முடியுமா?” “போடுன்னா போடு!” போட்டாள். அனுப்பினாள். யாரும் உட்காரவில்லை. மெழுகுக்காரர் கையிலிருந்த மெழுகு விரலிலேயே உறைந்தது.

பதில் வந்தது: ‘கிடைத்தது. மகிழ்ச்சி. இனி எல்லா வேலையும் இந்த முகவரிக்கே வரும். இன்னும் இரண்டு ஆர்டர் இப்போதே அனுப்புகிறேன்.’

“தொடாதே, நான் திறக்கறேன்!” என்று அண்ணன் சுட்டியைப் பிடுங்கினார். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். இரண்டு கடிதமும் வந்து விழுந்தன. மேலே மணி அடித்தது. படியின் உச்சியிலிருந்து அண்ணியின் குரல் இறங்கியது.

“இங்க ரெண்டும் வந்துடுச்சு! அங்க இன்னும் இருக்கா?”

அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இமைத்தால் போய்விடுமோ என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டறையே அதிரக் கத்தினார்.

“இருக்குடி! ரெண்டும் இருக்கு!”